மூன்றாம் ஈற்று வரை: கழிவுநீர் அனுமதியும் பெண்ணுடலும்

இந்தியாவில் ஓர் ஆலை தன் கழிவுநீரை ஆற்றில் விட வேண்டுமானால் அந்த நீர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை ஒன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. 1993இல் சேர்க்கப்பட்ட ஆறாம் அட்டவணை அது. அதன் வரிகள் பெரும்பாலும் வேதியியல் பேசுபவை. எண்ணெய் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கணக்கில் போகும். நடுவே ஒரு வரி மட்டும் உயிரைப் பற்றிப் பேசுகிறது. வேறு தண்ணீர் எதுவும் கலக்காத கழிவுநீரில் மீன்களை விட்டால், 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும்.

நான் தமிழ் படித்தவள். சட்டமும் வேதியியலும் என் துறைகள் இல்லை. ஆனால் ஒரு வரி யாரைச் சாட்சிக்கு அழைக்கிறது, அந்தச் சாட்சியிடம் என்ன கேட்கிறது, எதைக் கேட்காமலே அனுப்பிவிடுகிறது என்று பார்ப்பது இலக்கியம் படிப்பவர்களின் வேலைதான். இந்த வரி மீனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: செத்தாயா, இருக்கிறாயா? நான்கு நாளில் சாகவில்லை என்றால் சாட்சி விசாரணை முடிந்தது.

அமெரிக்காவில் கழிவுநீர் அனுமதிகள் இன்னொரு கேள்வியையும் கேட்கின்றன. உயிரோடு இருக்கிறாய், சரி. உன்னால் வழக்கம்போல் வாழ முடிகிறதா, உனக்குப் பிறக்க வேண்டியவை பிறக்கின்றனவா? இந்தக் கேள்வி ஒரு பெண்ணுயிரிடம் கேட்கப்படுகிறது. அது சட்டத்துக்குள் வந்த வரலாற்றையும், அதே ஆண்டுகளில் அதே நாட்டில் மனிதப் பெண்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், நம் அட்டவணையின் அந்த ஒற்றை வரியும் வேறுமாதிரி படிக்கக் கிடைக்கிறது.

பட்டியலும் உயிரும்

நஞ்சைச் சாவால் அளக்கும் பழக்கம் மருந்தியலிலிருந்து வந்தது. 1927இல் பிரிட்டனைச் சேர்ந்த டிரெவன், விலங்குகளில் சரிபாதியைக் கொல்லும் அளவு எதுவோ அதையே ஒரு பொருளின் வீரியத்துக்கு அளவுகோலாக வைக்கலாம் என்றார். மருந்துகளை ஒப்பிடுவதற்கு அது வசதியான வழி. 1940களில் அமெரிக்காவில் ஆலைக் கழிவுநீரை மீன்களைக் கொண்டு சோதிக்கும் முறைகள் உருவானபோது இதே அளவுகோல் தொட்டிக்குள் இறங்கியது. நான்கு நாள் சோதனை வழக்கமாயிற்று. திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்.

அதே காலத்தில் வேறொரு வழியில் யோசித்தவர் ரூத் பேட்ரிக். 1907இல் பிறந்தவர், நுண்பாசிகளில் ஒரு வகையான டயாட்டம்களை ஆராய்ந்தவர். பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். 1945இல்தான் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1948இல் பென்சில்வேனியாவின் கானஸ்டோகா ஓடையில் பல துறை ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். ஓர் ஓடையின் நலத்தை அறிய அங்கே எது செத்துக் கிடக்கிறது என்று பார்த்தால் போதாது, எத்தனை வகை உயிர்கள் கூடி வாழ்கின்றன என்று எண்ண வேண்டும் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. சாவை விட்டு வாழ்வை எண்ணத் தொடங்கியது பெரிய திருப்பம். ஆனால் சட்டம் அந்த இடத்துக்கு வர இன்னும் காலம் பிடித்தது.

1972 அக்டோபரில், குடியரசுத் தலைவர் நிக்சன் மறுத்துத் திருப்பியனுப்பிய மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றித் தூய்மை நீர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆற்றில் குழாய் வைத்துக் கழிவுநீர் விடும் ஒவ்வோர் ஆலையும் அனுமதி பெற வேண்டும். நச்சுப் பொருள்களை நச்சாகும் அளவில் வெளியேற்றுவது தடுக்கப்பட வேண்டும் என்பது நாட்டின் கொள்கை. நச்சாகும் அளவு எது? முதலில் வேதியியலாளர்களின் பட்டியலே பதிலாக வந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியாக 65 நச்சுப் பொருள் வகைகள் குறிக்கப்பட்டு, அது 129 பொருள்களாக விரிந்து, பின்னர் 126 என்று நின்றது.

பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. பட்டியலில் இல்லாததை அதற்குத் தெரியாது. ஓர் ஆலையின் கழிவுநீரில் பெயரிடப்பட்ட பொருள்களும் பெயரிடப்படாதவையும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. தனித்தனியே எல்லைக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்தால் என்ன செய்யும் என்று பட்டியலைப் படித்துச் சொல்ல முடியாது. ஆற்றில் இருக்கும் உயிரோ பட்டியலைக் குடிப்பதில்லை, கலவையைக் குடிக்கிறது. எனவே கலவை முழுவதையும் ஓர் உயிருக்குக் கொடுத்துப் பார்த்தாக வேண்டும். 1984 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கொள்கை, அனுமதி எல்லைகளை வகுக்கும்போது வேதியியல் சோதனையோடு உயிரியல் சோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

அறுபது கிண்ணங்கள்

அந்தச் சோதனைக்கான உயிர் சுப்பீரியர் ஏரிக்கரையில், மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரிலிருந்த முகமையின் ஆய்வகத்திலிருந்து வந்தது. 1984இல் டொனால்ட் மவுண்ட்டும் டெரெசா நார்பர்க்கும் ஏழு நாளில் முடியும் வாழ்க்கைச் சுழற்சிச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். பின்னாளில் நார்பர்க்-கிங் என்று எழுதிய அந்த ஆய்வாளரின் பெயர், நச்சு எதுவென்று தேடிக் கண்டுபிடிக்கும் வழிகாட்டி நூல்களிலும் தொடர்ந்து வருகிறது.

அவர்கள் தேர்ந்தெடுத்த உயிர் செரியோடாப்னியா டூபியா. டூபியா என்றால் லத்தீனில் ஐயத்துக்குரியது என்று பொருள். நீர்த்தெள்ளு என்று தமிழில் சொல்லலாம் என்றாலும் அது தெள்ளுப்பூச்சி இல்லை. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நல்ல தண்ணீரும் போதிய உணவும் இருக்கும்வரை இந்த இனத்தில் பெண்களே பெண்களைப் பெறுகிறார்கள், ஆண் தேவையில்லை. கூட்டம் நெருக்கினாலோ, உணவு குறைந்தாலோ, பகல் நேரம் சுருங்கினாலோ ஆண்கள் பிறக்கத் தொடங்குவார்கள். அப்போது நல்ல காலம் வரும்வரை உறங்கிக் கிடக்கும் முட்டைகள் உண்டாகும்.

சோதனை இப்படி நடக்கிறது. கழிவுநீரை ஐந்து செறிவுகளில் கலந்துகொள்கிறார்கள். ஆறாவதாக ஒப்பிட நல்ல தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பத்துச் சிறு கிண்ணங்கள், மொத்தம் அறுபது. ஒவ்வொரு கிண்ணத்திலும் 15 மில்லி நீரில் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரே ஒரு பெண் குட்டி. ஒரு தாயின் குட்டிகளை ஆறு நீர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கிறார்கள். இரண்டு கிண்ணங்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தால் அது தாய்வழி வந்த பலவீனமா, தண்ணீரின் குற்றமா என்ற கேள்வி அப்போது எழாது. தினமும் புது நீர், ஈஸ்டும் பாசியும் கலந்த உணவு, 25 டிகிரி வெப்பம். ஞாயிற்றுக்கிழமை என்று விட முடியாது. நல்ல தண்ணீரில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு அறுபது பேர் மூன்றாம் ஈற்றுக் குட்டிகளைப் பெறும்வரை, அதிகபட்சம் எட்டு நாள், தினமும் குட்டிகளை எண்ணுகிறார்கள். நல்ல தண்ணீரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 15 குட்டியாவது பிறந்திருந்தால்தான் சோதனையே செல்லும். தப்பித்தவறி ஆண் கிண்ணத்துக்குள் வந்திருந்தால் ஈற்றுக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. ஈற்று நான்கில் ஒரு பங்கு குறையும் செறிவு எது என்று கணக்கிடுவது முடிவைச் சொல்லும் வழிகளில் ஒன்று.

சாவு ஒன்றும் நேர்ந்திருக்க வேண்டாம். எல்லாத் தாய்களும் நீந்திக்கொண்டே இருக்கலாம். பதினைந்துக்குப் பதில் எட்டுக் குட்டிதான் பிறந்தது என்றால் அந்தத் தண்ணீரில் தீங்கு இருக்கிறது என்று சட்டம் ஏற்கிறது. அதன்பின் ஆலைதான் தேட வேண்டும். கழிவுநீரைப் பங்குபோட்டு, ஒன்றை வடிகட்டி, ஒன்றில் காற்றைச் செலுத்தி, ஒன்றில் உலோகத்தைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் மறுபடி நீர்த்தெள்ளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பங்கில் தாய் தேறுகிறாளோ அங்கே தடயம் இருக்கிறது. பெயர் தெரியாத நஞ்சுக்குப் பெயர் கிடைத்தபின், அதை ஆலைக்குள்ளேயே குறைக்க வேண்டும்.

1989இல் விதிகள் இதை வலுப்படுத்தின. 1995இல் சோதனை முறைகள் சட்ட விதிகளுக்குள்ளேயே எழுதப்பட்டன. மின் நிறுவனங்களின் சங்கம் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். நச்சில்லாத நீரையும் இந்தச் சோதனை நச்சு என்று சொல்லிவிடக்கூடும் என்பது அவர்கள் வாதங்களில் முக்கியமானது. 2004இல் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சோதனை முறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பெண்ணியம் படித்த எவருக்கும் இங்கே ஒரு நெருடல் வரும். பிள்ளை பெறுவதைக் கொண்டு பெண்ணை அளக்காதே என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவருகிறோம். இந்தச் சோதனையோ பெண்ணைக் கிண்ணத்தில் தனியே வைத்து அவள் பெற்றதை எண்ணுகிறது. நெருடல் நியாயமானதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்தபோது யார்மீது பழி விழுகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளை இல்லையென்றால் மருமகளைத்தான் முதலில் மருத்துவரிடம் அழைத்துப்போவார்கள். இங்கே தாயை யாரும் குறை சொல்வதில்லை, தண்ணீர்தான் விசாரணைக்குப் போகிறது. நீர்த்தெள்ளின் உடல் சொன்னதை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொண்டு, தண்ணீரை மாற்று என்று ஆலைக்கு உத்தரவு போகிறது.

அதே 1984

நார்பர்க்கின் கட்டுரை வந்த அதே ஆண்டில், இருபது ஆண்டு கழித்து நீர்த்தெள்ளுச் சோதனையைச் செல்லும் என்று சொல்லப்போகிற அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு முடிந்தது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வில்லோ ஐலண்டில் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. ஈயம் கலந்த நிறமிகள் செய்யும் பிரிவில், அதுவரை ஆண்களுடையதாக இருந்த வேலைகளுக்கு 1970களில் பெண்களும் வந்திருந்தார்கள். 1978இல் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. 16 முதல் 50 வயதுவரை உள்ள பெண்கள் இனி அந்தப் பிரிவில் வேலை பார்க்க முடியாது, கருத்தரிக்க முடியாதபடி அறுவை செய்துகொண்டவர்களைத் தவிர. ஈயம் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பது காரணம். ஐந்து பெண்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அறுவை செய்துகொண்டார்கள்.

தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. மேல் ஆணையம் அதை ரத்து செய்தது. தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. 1984இல் நீதிபதி ராபர்ட் போர்க் எழுதிய தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் நின்றது. பெண்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட அந்தத் தேர்வு, சட்டம் குறிப்பிடும் வகையான பணியிட ஆபத்து ஆகாது என்றது அது. ஈயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கக்கூடியது. ஆனால் ஆண்களை யாரும் அறுவைக்கு அனுப்பவில்லை.

இரண்டு கதைகளிலும் கேள்வி ஒன்றே: ஒரு வேதிப்பொருள் பெண்ணின் கருவளத்தைத் தொடுகிறது, இப்போது எதை மாற்றுவது? ஆற்றுக்கு வந்த பதில், தண்ணீரை மாற்று. ஆலைக்குள் வந்த பதில், பெண்ணை மாற்று; அவள் கருத்தரிக்க முடியாதபடி அறுவை செய், அல்லது அவளையே வெளியே அனுப்பு. பேட்டரி செய்யும் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த இதே மாதிரியான விதி, 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில்தான் பாலினப் பாகுபாடு என்று விழுந்தது. பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றிய முடிவு பெற்றோருடையது, வேலை கொடுப்பவருடையது இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஐந்து பெண்களுக்கு அது பதின்மூன்று ஆண்டு தாமதம்.

நடந்தது யார்?

நம்மூருக்கு வருவோம். பாலாற்றங்கரையிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் ஆலைகள் விட்ட கழிவுநீரைப் பற்றிய வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்று எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே காக்க வேண்டும் என்ற கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்த தீர்ப்பு. தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதை அது பதிவு செய்கிறது. குரோம் பதனிடுதலில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும் சொல்கிறது. பட்டியலால் கலவையைப் பிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்பில் பெண்கள் வரும் இடம் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பகுதியின் 13 கிராமங்களில் தொண்டு அமைப்பு ஒன்று எடுத்த கணக்கில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அடுத்த வாக்கியம், பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்கிறது. அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் பெண்கள் நடக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வி அங்கே இல்லை.

அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஆலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியேறும். உப்பேறிய, கடினமான நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி சிக்கடித்துக்கொள்ளும். கிணறு மாறிக்கொண்டிருப்பதை அடுப்படி முதலில் சொல்லும். அதுவும் ஒரு நீண்டகாலச் சோதனைதான்; தினமும் செய்யப்படுவது, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் செய்யப்படுவது. ஆனால் அதைப் பதிவு செய்ய எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

மீன் சோதனை இங்கே எவ்வளவு உதவும்? நன்னீர் மீன்கள் பல, உப்பை ஓரளவு தாங்கக்கூடியவை. நீர்த்தெள்ளு அந்த அளவுக்குத் தாங்காது. ஆகவே மீன் நான்கு நாள் உயிரோடிருக்கும் ஒரு நீரில் நீர்த்தெள்ளின் ஈற்று பாதியாகக் குறைந்திருக்க முடியும். கேள்வி சாவைப் பற்றி மட்டும் என்றால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. நீர்த்தெள்ளுச் சோதனை இருந்திருந்தால் கிணறுகள் தப்பித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் சேரும் உப்பை ஏழு நாள் கிண்ணமும் முழுதாகச் சொல்லிவிடாது. ஆனால் சாவுக்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன, அங்கேயே தீங்கு தொடங்கிவிடுகிறது என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டால், அடுப்படியின் சாட்சியத்துக்கும் கதவு சற்றுத் திறக்கும்.

நொய்யல் கரையில் வழக்கு வேறு திசையில் போனது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் அவற்றை மூட உத்தரவிட்டது. கழிவுநீரே வராது என்பது கொள்கையானபின், வரும் நீர் உயிருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி காகிதத்தில் தேவையற்றதாகிவிட்டது. ஆனால் காகிதத்தில் வராத நீர் ஆற்றில் வரும் நாளும் உண்டு என்பது கரையில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.

திண்டுக்கல் பெண்களை வில்லோ ஐலண்டின் ஐந்து பெண்களோடு சேர்த்துப் பார்க்கிறேன். இங்கே யாரும் கத்தி எடுக்கவில்லை. கிணறு கெட்டது, ஆலை ஓடியது, பெண் நடந்தாள். நீர் மாறாதபோது இடுப்பும் காலும் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. குடத்தின் எடையையும் நடந்த தூரத்தையும் ஈடு என்ற கணக்கில் கொண்டுவருவதற்கு நம்மிடம் அளவுகோல் இல்லை.

இசைவு

அமெரிக்கச் சட்டம் கழிவுநீர் விடுவதற்கு அனுமதி என்கிறது. 1974ஆம் ஆண்டின் இந்திய நீர்ச் சட்டம் பயன்படுத்தும் சொல்லுக்குத் தமிழ் இசைவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தருவது இசைவாணை. இசைவு என்ற சொல்லைப் பெண்கள் எவ்வளவு பாடுபட்டுச் சட்டப் பேச்சுக்குள் கொண்டுவந்தோம் என்பது இந்த நூலைக் கையிலெடுத்தவர்களுக்குத் தெரியும். மௌனம் இசைவாகாது, பயந்து தலையாட்டியது இசைவாகாது, வேறொருவர் நம் சார்பில் சொன்னது இசைவாகாது. இங்கேயோ ஆற்றின் சார்பில், கிணற்றின் சார்பில், அதில் நீரெடுப்பவள் சார்பில் ஓர் அலுவலகம் இசைகிறது. நான்கு நாள் சாகாத மீனின் மௌனமும் அந்த இசைவுக்குள் அடக்கம்.

இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, அந்த அட்டவணையில் மீனின் வரிக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும். சாவோடு நிற்காமல் வளர்ச்சியையும் ஈற்றையும் கேட்கும் சோதனை, உப்பையும் சாயத்தையும் வெளியேற்றும் ஆலைகளுக்காவது கட்டாயமாக வேண்டும். இரண்டாவது காரியத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1974 சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆலைகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை எழுதிய பதிவேடு ஒன்றை வாரியம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கழிவுநீர்க் குழாயால் பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்க்கலாம்.

மைல்கணக்கில் நடந்த பெண்ணும், அவள் மகளும், கல்லூரியில் படிக்கும் பேத்தியும் பாதிக்கப்பட்டவர்கள்தான். பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த உயிரைக் கொண்டு சோதித்தீர்கள், எத்தனை நாள், செத்ததை மட்டும் எண்ணினீர்களா, பிறந்ததையும் எண்ணினீர்களா என்று கேளுங்கள். கையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோகலாம்: எந்த ஆண்டு எந்தக் கிணற்றில் பருப்பு வேகாமல் போனது என்று ஊர்ப் பெண்கள் சொன்னதை எழுதிய நோட்டு.